திரும்பும் வழிக்கு யார் பொறுப்பு?

‘எளிது’ என்னும் சொல் இனிமையானது. அஞ்சுகின்றவனுக்கு அது ஆறுதல். தயங்கி நிற்பவனுக்கு அது தூண்டுகோல். ஒரு நாளில் எத்தனை முறை நாம் அச்சொல்லைப் பிறருக்கு வழங்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். முதன்முதலாகப் பள்ளிக்குச் செல்லும் குழந்தையிடம் சொல்கிறோம். கடல் கடந்து வேலைக்குப் புறப்படும் இளைஞனிடம் சொல்கிறோம். மணம் முடித்துக் கொடுக்கும் மகளிடமும் சொல்கிறோம். “ஒன்றும் கடினமில்லை, எல்லாரும் போகிற வழிதான், நீயும் போகலாம்.” அவர்களும் நம்பிப் போகிறார்கள். வழி எளிது என்பதை அவர்கள் அறிந்து போவதில்லை. சொன்னவர்கள் நாம் என்பதற்காகவே போகிறார்கள்.

ஆகவே ஒரு கேள்வி எழுகின்றது. ‘எளிது’ என்று சொல்லி ஒருவரை ஒரு வழியில் அனுப்பியவருக்கு அதன்பின் உள்ள கடமை என்ன? சொன்னதோடு அவர் பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா? போனவர் தம் விருப்பப்படிதானே போனார் என்று கையை உதறிவிட முடியுமா?

இக்கேள்வியை நிலத்தின்மேல் வைத்து ஆராய்வதைவிடக் கடலுக்கு அடியில் வைத்து ஆராய்வது தெளிவு தரும் என்று கருதுகிறோம். நிலத்தின்மேல் அச்சொல் பொய்த்துப் போனால் அது வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். நீருக்கடியிலோ சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். ஆறுமுகநேரியில் வாழ்கின்ற நமக்குக் கடல் தொலைவிலுள்ள பொருளன்று. ஒருபுறம் உப்பளங்கள் வெண்மையாய் விரிந்து கிடக்கின்றன. அடுத்த ஊர் காயல்பட்டினம். வடக்கே, பாண்டியரின் பழந்துறைமுகமான கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடலை விட்டு விலகி இன்று உள்நாட்டுச் சிற்றூராய் இருக்கின்றது. மூச்சை அடக்கி மூழ்குவதையே பிழைப்பாகக் கொண்ட மக்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த கரை இது.

எனினும், முதலில் தொலைவிலுள்ள ஒரு கடலைப் பார்த்துவிட்டு நம் கரைக்குத் திரும்புவோம். மத்தியதரைக் கடலின் நடுவே மால்டா என்னும் சிறு நாடு உள்ளது. மால்டா, கோசோ, கோமினோ என்பன அதன் முதன்மையான தீவுகள். சுண்ணாம்புப் பாறையால் ஆன தீவுகளாதலால் அவற்றின் ஓரங்களில் குகைகளும் சுரங்க வழிகளும் மிகுதி. கோசோத் தீவில் துவைரா என்னுமிடத்தில் குன்றுகளுக்குள் அடங்கிய ஒரு சிறு கடற்குளம் இருக்கின்றது; பாறையைத் துளைத்துச் செல்லும் ஏறத்தாழ 80 மீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கம் அதனைத் திறந்த கடலோடு இணைக்கின்றது. கோமினோத் தீவின் சாந்தா மரியாக் குகைகளோ ஆழம் குறைந்தவை. ஒருபுறம் நுழைந்து, மறுபுறத்து வெளிச்சத்தைக் கண்டபடியே வெளியேறக்கூடிய குறுகிய வழிகள் அங்கே உண்டு.

இத்தகைய இடங்களுக்குப் பல நாட்டு மக்கள் இன்பப் பயணமாக வருகிறார்கள். அழுத்திய காற்று அடைத்த உருளையை முதுகில் கட்டிக்கொண்டு, வாயில் கவ்விய குழாய் வழியே மூச்சுவிட்டபடி நீந்துகிறார்கள். ஸ்கூபா எனப்படும் இம்முறைக்கு வழி திறந்தது, பிரெஞ்சு நாட்டுக் கடற்படை அதிகாரி குஸ்தோவும் பொறியாளர் கஞானும் 1943ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவியே ஆகும். பயின்று சில நாட்களே ஆனவர்களையும் வழிகாட்டிகள் இவ்வழிகள் சிலவற்றினுள் அழைத்துச் செல்கிறார்கள். ‘புதியவர்களுக்கும் ஏற்ற எளிய சுரங்கம்’ என்று அவற்றைச் சொல்வது வழக்கம்.

இதைப் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. நீர் தெளிவாக இருக்கும் நாளில், வாயில் கண்ணில் படும் தொலைவில், தேர்ந்த வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவ்வழி எளியதே. ஆனால் அந்த எளிமை எங்கே இருக்கின்றது? பாறையிலா? நீரிலா? பாறைக்குப் புதியவன் என்றும் பழையவன் என்றும் தெரியாது. காற்று திசைமாறி நீர் கலங்கினால் அதே சுரங்கம் அரை மணி நேரத்தில் வேறு சுரங்கமாகிவிடும். வழிகாட்டி அன்றைய கடலை முன்னரே பார்த்திருக்கிறார்; உருளையில் உள்ள காற்றை அளந்திருக்கிறார்; வந்தவரின் கண்ணில் தெரியும் அச்சத்தையும் அளந்திருக்கிறார். அவ்வளவும் சேர்ந்துதான் எளிமை என்ற பெயர் பெறுகின்றது. நமக்கு எளிதாய்த் தோன்றுவது, நமக்கு முன்னே யாரோ ஒருவர் சுமந்து முடித்த கடினமே ஆகும்.

நீரின் இயல்பைச் சற்று அறிந்துகொண்டால் இது விளங்கும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இரு மடங்கு. அங்கே உருளையிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரு மடங்கு இடத்தைக் கேட்கும். அச்சத்தினால் மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவன் விரைந்து மேலே வந்தால் அவனுடைய நுரையீரல் கிழிந்துவிடக்கூடும். ஆகவே ஸ்கூபா கற்பவனுக்குச் சொல்லப்படும் முதல் விதி, எந்நிலையிலும் மூச்சை அடக்காதே என்பது. நம் கரையில் முத்துக்குளிப்பவருக்கு வாய்த்த முதல் விதியோ, எந்நிலையிலும் மூச்சை விடாதே என்பது. மேற்பரப்பில் இழுத்த ஒரே மூச்சு ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகின்றதே தவிர அதற்குமேல் பெருகுவதில்லை. விதிகள் இரண்டும் நேர் எதிரானவை. நோக்கமோ ஒன்று: போனவன் திரும்ப வேண்டும்.

திறந்த கடலில் துன்பம் நேர்ந்தால் மேலே போவதே வழி. தொடக்கப் பயிற்சி பெற்றவர்களுக்கு 18 மீட்டர் ஆழம் எல்லையாக வைக்கப்பட்டிருப்பதும், நேராக மேலே செல்ல வழி இருக்கவேண்டும் என்று கற்பிக்கப்படுவதும் இதனாலேயே. சுரங்கத்தில் தலைக்கு மேலே கூரை. அங்கே மேலே போவது வழியன்று. வந்த வழியே வழி, அல்லது எதிரே தெரியும் வாயிலே வழி. எனவே சுரங்கத்தினுள் நுழைகின்றவன், தன் உள்ளத்தின் இயல்பான தூண்டுதலையே வாயிலில் விட்டுவிட்டு, வேறொருவர் அறிவை நம்பி உள்ளே போகிறான். அந்த நம்பிக்கைக்குத்தான் நம்மிடையே அமானிதம் என்ற சொல் வழங்குகின்றது. பொன்னும் பொருளும் மட்டும் அமானிதம் அல்ல, மூச்சும் அமானிதமே.

நீருக்கடியிலுள்ள நெடுங்குகைகளில் செல்வோர், இறந்தவர்களிடமிருந்து சில விதிகளைக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஷெக் எக்ஸ்லி என்பவர் குகைகளில் நிகழ்ந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1979ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மரணங்களுக்குப் பின்னே அவர் கண்ட காரணங்கள் மிகச் சில. திறந்த நீர்வரை அறுபடாமல் நீளும் வழிகாட்டிக் கயிறு இல்லாமை ஒன்று. திரும்புவதற்குப் போதிய காற்றை மிச்சம் வைக்காமை மற்றொன்று. அளவுமீறிய ஆழம் இன்னொன்று. காற்றில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே செல்வதற்கும், ஒரு பங்கைத் திரும்புவதற்கும் கொள்ளலாம். எஞ்சிய பங்கைத் தொடக்கூடாது. அது ஆபத்துக்கு உரியது, துணைவனுக்கும் உரியது. இவ்விதிகளைப் பரப்பிய எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோ நாட்டின் ஓர் ஆழ்ந்த நீர்க்குகையில் உயிரிழந்தார். கடலும் குகையும் புகழுக்குச் சலுகை காட்டுவதில்லை.

இவ்விதிகளோடு எழுதப்படாத மற்றொரு வழக்கமும் அவர்களிடையே உண்டு. குழுவில் எவரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் ‘திரும்புவோம்’ என்று கைக்குறி காட்டலாம். காட்டினால் எல்லாரும் திரும்ப வேண்டும். ஏன் என்று அங்கே கேட்பதில்லை. பின்னர் கரையேறியதும் அதைச் சொல்லி ஏளனம் செய்வதும் இல்லை. நாம் இதுவரை சொன்னவற்றுள் இதுவே தலையானது என்று கருதுகிறோம். இதன் பொருளை உணர இப்போது நம் கரைக்குத் திரும்ப வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். அப்பார்களில் மூழ்கியோர் உருளையும் குழாயும் அறியாதவர்கள். கனத்த கல் ஒன்று கயிற்றில் தொங்கும். மூழ்குபவர் அக்கல்லில் காலை வைத்து, மூச்சை நிறைய இழுத்து, விரல்களால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபு மூழ்காளர்கள் மூக்குக்குக் கவ்வி ஒன்று போட்டிருப்பார்கள். நம்மவருக்கு விரலே கவ்வி. அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவர் கையால் தடவிச் சிப்பிகளைப் பையில் நிரப்புவார். ஒரு நிமிடம், மிஞ்சினால் அதற்குமேல் சிறிது. பிறகு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும்.

அந்த மேலே இருப்பவரைப் பற்றி நம் இலக்கியங்களும் பயணக் குறிப்புகளும் மிகக் குறைவாகவே பேசுகின்றன. மூழ்கியவனின் துணிவு பாடப்பட்டது. முத்தின் ஒளி பாடப்பட்டது. கயிறு பிடித்தவன் பாடப்படவில்லை. அவன் செய்தது என்ன? ஒன்றும் செய்யாமல் விழித்திருந்தான். வெயிலில் படகின் ஓரத்தில் நின்று, உள்ளங்கையில் ஒரு கயிற்றை உணர்ந்துகொண்டிருந்தான். அண்டையில் நிற்பவன் பேசினாலும், பக்கத்துப் படகில் பெருஞ்சிப்பி கிடைத்ததென்று கூச்சல் எழுந்தாலும் அவன் கருத்துச் சிதறக்கூடாது. கீழே ஒருவன் காட்டும் துணிவின் முழுப் பாரமும் மேலே ஒருவன் கொள்ளும் கவனத்தின்மேல் தங்கியிருந்தது.

அதனால்தான், கயிறு பிடிப்பதற்கு மைத்துனரையே வைத்துக்கொள்வார்கள் என்றொரு பேச்சு நம் கரையோர ஊர்களில் வழிவழியாக வழங்குகின்றது. தன் சகோதரியின் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகின்றது என்பதை அறிந்தவன் கண்ணயர மாட்டான் என்பது அதன் கருத்து. சப்பானில் மூழ்கித் தொழில் செய்யும் ஆமா எனப்படும் பெண்களிடையேயும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. மனைவி கடலுக்குள் இறங்க, கணவர் படகில் கயிறு பிடித்திருப்பார். பாரசீக வளைகுடாப் படகுகளில் கயிறு இழுப்பவனுக்குத் தனிப்பெயரும் தனிப்பங்கும் இருந்தன. மூழ்குபவனுக்கு மூன்று பங்கு என்றால் அவனுக்கு இரண்டு பங்கு தருவது அங்கே வழக்கம். கவனத்துக்குக் கூலி உண்டு என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தார்கள்.

கயிறு அசைந்தால் மேலே இருப்பவன் என்ன செய்வான்? காரணம் கேட்க அவனால் முடியாது. பை நிறைந்துவிட்டதா, மூச்சு முட்டுகிறதா, சுறா தெரிகிறதா, அல்லது வெறும் அச்சமா என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நேரமில்லை. அசைவு வந்தது, இழுக்க வேண்டும். மேலே வந்தபின் பை வெறுமையாய் இருந்தாலும், ‘இதற்காகவா கயிற்றை அசைத்தாய்?’ என்று அவன் கடிந்துகொண்டால் தீர்ந்தது. அடுத்த முறை கீழே இருப்பவன் கயிற்றை அசைக்கத் தயங்குவான். அந்தத் தயக்கத்தின் நீளம் ஒரு மூச்சாக இருந்தால் போதும், உயிர் போய்விடும்.

ஆக, மால்டாவின் கைக்குறியும் மன்னார் வளைகுடாவின் கயிற்றசைவும் ஒரே நீதியைச் சொல்கின்றன. வழியை எளிதாக்குவது வழியன்று. திரும்பும் உரிமையே அதனை எளிதாக்குகின்றது. ‘எளிது’ என்று சொல்லி அனுப்பியவர், திரும்பும் வழிக்குப் பொறுப்பாளி ஆகிறார். அப்பொறுப்பை ஏற்க முடியாதவருக்கு அச்சொல்லைச் சொல்ல உரிமை இல்லை.

வரலாற்றில் இப்பொறுப்பை ஏற்காமல் மூழ்கச் சொன்னவர்களும் உண்டு. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ் என்னும் கையேடு, பாண்டியர் ஆட்சியில் கொற்கைப் பகுதியில் முத்துக்குளிப்பு நடந்ததைக் குறிப்பிடுகின்றது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அது நடத்தப்பட்டது என்றும் சொல்கின்றது. அவர்களிடம் ‘எளிது’ என்று பொய் சொல்லக்கூடத் தேவையிருக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வணிகர்கள் கூலிக்கு ஆளமர்த்தி மூழ்கச் செய்ததை விவரிக்கிறார். சுறாக்களின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் மந்திரவாதிகளுக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு போயிற்று என்கிறார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மூழ்குபவனின் அச்சத்தைக் கட்டியது. அச்சத்தைக் கட்டுவதற்கும் ஆபத்தைக் கட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. அச்சத்தை மட்டும் கட்டிவிட்டுப் பங்கு வாங்கிக்கொள்வோர் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

பாரசீக வளைகுடாவிலே மற்றொரு கொடுமை இருந்தது. மூழ்குபவர்கள் படகுத்தலைவனிடம் முன்பணம் பெற்றுக் கடனில் ஆழ்ந்தார்கள். தந்தையின் கடன் மகனைச் சேர்ந்தது. அவனும் அதே படகில் மூழ்கினான். பஹ்ரைனில் 1920களில் சீர்திருத்தம் வந்தபோதுதான் அக்கட்டு தளரத் தொடங்கியது. உடலை மேலே இழுக்கக் கயிறு இருந்தது. வாழ்வை மேலே இழுக்கக் கயிறு இல்லை. ஆகவே கயிறு ஒன்று இருப்பதாலேயே நீதி இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. அதன் மறுமுனை யார் கையில், எந்த நோக்கத்தோடு இருக்கின்றது என்பதே கேள்வி.

இங்கே சில மறுப்புகள் எழலாம். அவற்றையும் நேர்மையோடு நோக்குவோம்.

முதலாவது: வயது வந்த ஒருவன் தன் விருப்பப்படி ஆபத்தைத் தேர்ந்துகொண்டால் பிறருக்கு அதில் என்ன பொறுப்பு? விருப்பம் என்பது அறிவின்மேல் நிற்கவேண்டும். சுரங்கத்தை ஒருமுறையும் கண்டிராதவனின் விருப்பம், கண்டவன் சொன்ன சொல்லின்மேல் நிற்கின்றது. அச்சொல் பாதி உண்மையானால் விருப்பமும் பாதியே. மீதிப் பாதிக்குச் சொன்னவன் கணக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: ஆயுள் எழுதப்பட்டது, வருவது வந்தே தீரும், இவ்வளவு முன்னெச்சரிக்கை எதற்கு? இவ்வாறு பேசுவோர் தவக்குல் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள். ஒட்டகத்தைக் கட்டியபின் இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி அறிவுறுத்தும் நபிமொழியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். முத்துக்குளித்த நம் முன்னோர் இறைவன் பெயர் சொல்லித்தான் மூழ்கினார்கள்; ஆனால் கயிற்றைக் கட்டாமல் ஒருநாளும் மூழ்கவில்லை. இறைநம்பிக்கை கயிற்றுக்கு மாற்றாக இருக்கவில்லை. கயிறு பிடித்தவனின் மனச்சான்றாக இருந்தது.

மூன்றாவது மறுப்பு வலிமையுடையது. ஒவ்வோர் அடியிலும் ஆபத்தை அளந்துகொண்டிருந்தால் இளைஞர் எதையும் கற்கமாட்டார்களே? அச்சத்திலேயே வளர்ந்துவிடுவார்களே? உண்மைதான். துணிவைக் கற்பிக்காத அன்பு முழுமையான அன்பன்று. ஆனால் துணிவு எப்படி வளர்கின்றது? திரும்ப முடியும் என்று உறுதியாய் அறிந்தவனே ஆழத்துக்குப் போகத் துணிகிறான். மேலே இருப்பவனை நம்பாதவன் கரையோரத்திலேயே தடவிக்கொண்டிருப்பான். அல்லது வெட்கத்துக்கு அஞ்சி, கயிற்றை அசைக்காமல் கீழேயே மாண்டுபோவான். கயிறு துணிவுக்குப் பகையன்று; துணிவைப் பெற்றெடுப்பதே அதுதான்.

இன்று நம் கடலில் அந்தக் கயிறும் கல்லும் இல்லை. தூத்துக்குடியில் 1955 முதல் ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பிறகு, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. முத்து போனாலும் சங்கு குளித்தல் தொடர்ந்தது. மூழ்கும் முறைதான் மாறிவிட்டது. உலகின் பல கரைகளில் இன்று படகில் ஓடும் ஓர் எந்திரம் நீண்ட குழாய்வழியே கீழே காற்றை அனுப்புகின்றது. ஒரு நிமிடம் இருந்தவர் ஒரு மணி நேரம் இருக்கிறார். எளிதாகிவிட்டதா? எந்திரத்தின் புகை காற்றிழுக்கும் துளையருகே வீசினால் கீழே இருப்பவர் நச்சுக்காற்றைச் சுவாசிப்பார். நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைந்து மேலேறினால் குருதியில் கரைந்திருந்த நைட்ரசன் குமிழிகளாய்ப் பொங்கி, மூட்டுகளையும் முதுகுத்தண்டையும் தாக்கும்; காலிழந்து முடங்க நேரும். கருவி மாறியது, மேலே ஒருவர் விழித்திருக்கவேண்டிய கடமை மாறவில்லை. ஒரு நிமிடக் கவனம் ஒரு மணி நேரக் கவனமாக நீண்டுவிட்டது, அவ்வளவே.

இனி, நீரை விட்டு நிலத்துக்கு வருவோம். நம் குடும்பங்களில் கடலுக்குள் மூழ்குவோர் இன்று மிகச் சிலர். ஆயினும் மூழ்குவோர் இல்லாத குடும்பம் உண்டா? பாலைவெயிலில் உழைக்கும் மகன் மூழ்கியிருக்கிறான். தொலைநகரத்தில் தனியறையில் தங்கிப் படிக்கும் பிள்ளை மூழ்கியிருக்கிறது. அறிமுகமில்லாத குடும்பத்தில் வாழப்போன மகள் மூழ்கியிருக்கிறாள். அவர்கள் அனைவரையும் ‘எளிது’ என்று சொல்லி அனுப்பியவர்கள் நாமே. விசாவை நீட்டிய தரகன் அச்சொல்லைச் சொன்னபோது அருகிருந்து ஆமோதித்தவர்களும் நாமே. வேலை எதுவென்றும், கூலி எவ்வளவென்றும், கடவுச்சீட்டு யார் கையில் இருக்குமென்றும், திரும்பிவர என்ன வழியென்றும் நம்மில் எத்தனை பேர் கேட்டுத் தெளிந்தோம்?

அவர்கள் கயிற்றை அசைக்கத்தான் செய்கிறார்கள். “இங்கே இருக்க முடியவில்லை, வந்துவிடட்டுமா?” என்று தொலைபேசியில் மெல்லக் கேட்கும் மகன் கயிற்றை அசைக்கிறான். தாய்வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகும் நாளை ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போடும்போது கயிற்றை அசைக்கிறாள். நாம் என்ன செய்கிறோம்? இழுப்பதற்கு முன் காரணம் கேட்கிறோம். “வீட்டுக்கு வாங்கிய கடன் என்னாவது?” என்கிறோம். “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்கிறோம். “எல்லாரும் இருக்கிறார்களே, உனக்கு மட்டும் என்ன?” என்கிறோம். அடுத்த முறை அவர்கள் அசைப்பதில்லை. கயிறு அமைதியாய் இருப்பதைக் கண்டு, கீழே எல்லாம் நலம் என்று நாம் மகிழ்ந்திருக்கிறோம். கயிறு அசையாமலிருப்பதற்கு இரு காரணங்கள் உண்டு என்பதை, படகில் நின்றவன் ஒருபோதும் மறந்ததில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பெண் தன் தாய்வீட்டிலோ, தனக்கெனத் தரப்பட்ட வீட்டிலோ வாழ்ந்துவரும் பழைய வழக்கம் உண்டு. அதன் தோற்றம் குறித்து அறிஞர்கள் பலவாறு சொல்வார்கள். கணவர் வணிகத்தின் பொருட்டு நெடுங்கடலில் இருக்கும் காலமெல்லாம் அவளுடைய கயிற்றைப் பிடித்திருக்கத் தாயும் சகோதரரும் அருகிலேயே இருந்தார்கள் என்பது மட்டும் நமக்கு விளங்குகின்றது. எல்லா ஊரும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பதன்று நம் கருத்து. அவ்வழக்கத்தினுள் இருக்கும் கவனத்தை எவ்வூராரும் கைக்கொள்ளலாம் அல்லவா?

அனுப்பும் கடமையை நாம் நன்றாகவே நிறைவேற்றுகிறோம். துஆச் செய்து, கட்டுச்சோறு கட்டி, நிலையம்வரை சென்று வழியனுப்புகிறோம். அத்தோடு மேலும் மூன்று கடமைகள் உண்டு என்பதைக் கடல் நமக்கு உணர்த்துகின்றது. ‘எளிது’ என்று சொல்லுமுன் அவ்வழியின் கெட்ட நாளையும் விசாரித்து அறிவது ஒன்று. திரும்பிவருவதற்கான செலவை, இடத்தை, முகமலர்ச்சியை மூன்றில் ஒரு பங்காகத் தொடாமல் எடுத்துவைப்பது இரண்டு. கயிறு அசைந்தால் முதலில் இழுப்பது, காரணத்தைக் கரையேறியபின் கேட்பது மூன்று.

வந்தவர் கையிலுள்ள பை வெறுமையாய் இருக்கலாம். கடன் மீதமிருக்கலாம், ஊர் பேசலாம். அவற்றையெல்லாம் உயிரோடு கரையேறியவரோடு உட்கார்ந்து ஒருவாறு தீர்த்துக்கொள்ள முடியும். இன்றிரவு தொலைவிலிருந்து வரும் அழைப்பில் நம் பிள்ளையின் குரல் சிறிது தாழ்ந்து ஒலித்தால், கணக்கையும் கடனையும் பிறகு பேசிக்கொள்ளலாம். ‘வர வேண்டுமானால் வா’ என்று நாமே முந்திச் சொல்லிவிடுவோமாக.